வீட்டில் ஒரு பெண் அதிகம்

பட்டறையில் ஒரே ஒரு மின்விசிறிதான். நான் வேலைக்குச் சேர்ந்தது சித்திரை வெயிலில். வேகவைக்கும் அடுக்குகளுக்குப் பக்கத்தில் நாங்கள் நாலு பெண்கள் நின்று, ஆவியோடு வரும் நூடுல்ஸை உதறி ஆறவைத்து, எண்ணெய் தடவி, கைப்பிடி கைப்பிடியாகச் சுற்றி அடுக்க வேண்டும். முதல் நாள் பத்து மணிக்கே எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எதிர்ச் சுவரோரம் இருந்த பிரம்பு நாற்காலியைப் பார்த்து விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. நான் போய் விசிறியை எங்கள் பக்கம் திருப்பினேன்.

ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. மாவு பிசையும் மேஜையிலிருந்து ஒரு பெண் வந்து அதை மறுபடி காலி நாற்காலியின் பக்கமே திருப்பினார். பிறகு தன் கழுத்தில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து என் கழுத்தில் போட்டார்.

“அது அப்பாவுக்கு. நமக்கில்ல,” என்றார்.

அவரைத்தான் எல்லோரும் துவாச்சி என்று கூப்பிட்டோம். அவர்கள் வீட்டில் பேசும் ஹொக்கியன் மொழியில் மூத்த அக்கா என்று அர்த்தம். அவருக்கு அப்போது ஐம்பதை ஒட்டி வயது. கல்யாணம் ஆகவில்லை. பட்டறை இருந்தது பசுந்தாங்கில், ஓடைக்குப் போகும் குறுக்குத் தெரு ஒன்றில். கீழே பட்டறை, மேலே வீடு. எங்களோடு அவர் பேசியதெல்லாம் பர்மிய மொழியில்தான். என் கொள்ளுத் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கப் பர்மாவுக்கு வந்தவர். எனக்கு இந்த ஊரில் வெளியே ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். வெளியே நான் மா தீடா. துவாச்சி கடைசிவரை என்னை அப்படித்தான் கூப்பிட்டார். அவர் சொன்னவற்றை என் வாய்த் தமிழில் சொல்கிறேன்.

அந்த வீட்டின் நூடுல்ஸுக்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயர் முழுவதும் துவாச்சியின் கையில் இருந்தது. மழை நாளில் மாவுக்கு எவ்வளவு தண்ணீர், வெயில் நாளில் எவ்வளவு, சாம்பல் உப்புத் தண்ணீர் எத்தனை கரண்டி என்று எதையும் அவர் அளந்து நான் பார்த்ததில்லை. மாவை விரலால் ஒரு தடவை அழுத்திவிட்டு, “இன்னும் தூங்கல,” என்று துணியைப் போட்டு மூடிவிடுவார். மின்சாரம் போய் ஜெனரேட்டரும் மக்கர் செய்த நாட்களில் மூங்கில் கழியால் அவரே மாவை அழுத்தித் தேய்ப்பார். மொத்த வியாபாரிகள் வந்தால் கடை முகப்பில் இருக்கும் அவருடைய தம்பியிடம்தான் பேசுவார்கள். “முதலாளி, உங்க நூடுல்ஸ் மாதிரி வராது,” என்பார்கள். தம்பி சிரித்துக்கொள்வார். துவாச்சி உள்ளே நின்றபடி அதைக் கேட்டுத் தானும் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பில் பொய் இருக்கிறதா என்று நான் பல நாள் பார்த்திருக்கிறேன். இல்லை. தம்பியைப் புகழ்ந்தால் அவருக்கு உண்மையிலேயே வயிறு நிறைந்துவிடும்.

நாலாவது வகுப்போடு அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது அந்தத் தம்பிக்காகத்தான். தம்பி பிறந்தபோது தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. “நல்லாப் படிப்பேன். கணக்கு நல்லா வரும்,” என்று ஒரு தடவை சொன்னார். அப்படியென்றால் வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். என் கேள்வியே அவருக்குப் புரியவில்லை. தம்பி பிறந்ததைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் முகம் ஒரு சின்னப் பெண்ணின் முகம் ஆகிவிடும். அன்றைக்கு அப்பா தெரு முழுக்க இனிப்பு கொடுத்தாராம். அப்பா தன் தலையில் கை வைத்ததும் அந்த ஒரு நாள்தானாம்.

இதையெல்லாம் கேட்டு அவரைப் பரிதாபமான மனுஷி என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. எனக்கு அவர் மேல் கோபம் வந்த நாட்களும் உண்டு.

சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள் முன்னோர் படத்துக்கு முழுக்கோழி படைப்பார்கள். படைத்து முடிந்ததும் துவாச்சிதான் வெட்டிப் பங்கு வைப்பார். கால் இரண்டும் ஆக்கோங்குக்கும் தம்பிக்கும். ஆக்கோங் என்றால் தாத்தா. துவாச்சியின் அப்பாவை அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், நாங்களும்தான். ஒரு வருஷம் ஆக்கோங்குக்கு வயிறு சரியில்லை. ஒரு கால் தட்டிலேயே கிடந்தது. தம்பியின் மூத்த மகளுக்கு அப்போது ஏழு வயதிருக்கும். அது கையை நீட்டி அந்தக் காலை எடுத்துக் கடிக்கப் போனது. துவாச்சி சின்னப் பெண்ணின் கையிலிருந்து அதை வாங்கித் திரும்பத் தட்டில் வைத்தார். அதட்டவில்லை. அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு, கோழியின் கழுத்துக் கறி ஒன்றைக் கொடுத்து, “இதுதான் ருசி. அது நமக்கில்ல,” என்றார். மறுநாள் அந்தக் கால் கெட்டுப்போய்க் குப்பைக்குப் போனது. குழந்தை அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றது.

எனக்கு மகள் பிறந்தபோது துவாச்சி பார்க்க வந்தார். குழந்தையின் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, உனக்கு வயசிருக்கிறது என்று என் தோளைத் தட்டினார். என் மாமியார்கூட அப்படிச் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதே மனுஷிதான் முப்பது நாளும் பட்டறை வேலையை முடித்துக்கொண்டு ஒரு தூக்குச் சட்டியோடு எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். இஞ்சியும் கருப்புக் காடியும் சேர்த்து வேகவைத்த முட்டை. அவர்கள் வழக்கப்படி அதில் பன்றிக்கால் போட வேண்டும். எங்கள் வீட்டில் சாப்பிட மாட்டோம் என்று எனக்காகத் தனிச் சட்டியில் செய்திருந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் உள்ளங்காலைத் தேய்த்துவிடுவார். அவரிடம் வெறுப்பே கிடையாது. பெண் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சுவார். அதற்கு எதுவும் கிடையாது என்பதிலும் உறுதியாக இருப்பார். இரண்டும் அவருக்குள் சண்டையில்லாமல் இருந்தன.

தம்பியின் மனைவியை நாங்கள் மருமகள் என்போம். பத்தெய்ன் பக்கத்துச் சீனக் குடும்பத்துப் பெண். குரலே வெளியே வராது. இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தபின் அவளுக்குப் பையன் பிறக்க வேண்டும் என்று துவாச்சி படாத பாடு பட்டார். சீன மருந்துக் கடையில் வேர்களும் பட்டைகளும் வாங்கி வந்து நாள் தவறாமல் காய்ச்சிக் கொடுப்பார். மருமகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். ஒரு நாள் குடித்ததும் வாந்தி எடுத்துவிட்டாள். துவாச்சி தரையைத் துடைத்துவிட்டு, மறுபடி அடுப்பைப் பற்றவைத்து, இன்னொரு கிண்ணம் காய்ச்சிக் கொண்டுபோய் நின்றார். அவள் அதையும் குடித்தாள். நாங்கள் நாலு பேரும் வேலையைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டோம்.

தாமுவே சந்தைக்குச் சரக்கு போகும் நாளில் மட்டும் துவாச்சி பட்டறையை விட்டு வெளியே வருவார். வண்டிக்காரரே இறக்கிவிட்டு வந்துவிடலாம். ஆனாலும் அவர் கிளம்புவார், கூட என்னையும் அழைத்துக்கொள்வார். சரக்கை இறக்கியதும் சந்தைக்குள் ஒரு துணிக்கடைக்குப் போவோம். லுங்கித் துணி விற்கும் சின்னக் கடை. கடைக்காரி நாற்பதைத் தாண்டியவள். முகத்தில் தனாக்கா மரப்பட்டை விழுதை அழகாகத் தேய்த்திருப்பாள். “என்ன பாக்குறீங்க, அமா?” என்பாள். அமா என்றால் பர்மிய மொழியில் அக்கா. வருகிற பெண்களை எல்லாம் இந்த ஊர்க் கடைகளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். துவாச்சி மடிப்பு மடிப்பாகத் துணிகளைப் பிரிக்கச் சொல்லிப் பார்ப்பார். பார்ப்பது துணியை இல்லை. கடைசியில் ஒன்றை வாங்குவார். அதைத் தான் கட்ட மாட்டார், எங்களில் யாருக்காவது கொடுத்துவிடுவார்.

மூன்றாவதோ நாலாவதோ தடவை திரும்பும்போது வண்டியில் நான் கேட்டேன், அந்தக் கடையில் என்ன விசேஷம் என்று. துவாச்சி வெளியே பார்த்தபடியே சொன்னார்.

“அவ எங்க வீட்டுல பொறந்தவ. எனக்கு அடுத்தவ.”

தம்பிக்கு முன்னால் இன்னொரு பெண் பிறந்திருக்கிறது. மாதம் நிறைந்தால் சிவப்புச் சாயம் போட்ட முட்டை கொடுத்து, பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளை என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். அதற்குள் குழந்தையை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று ஆக்கோங் முடிவு செய்தார். அம்மா படுத்த படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆக்கோங்குக்குத் தன் கையால் கொண்டுபோய்க் கொடுப்பது கௌரவமாக இல்லை. தாமுவேயில் பிள்ளையில்லாத பர்மியக் குடும்பம் ஒன்று இருந்தது. ஏழு வயது துவாச்சியின் கையில் குழந்தையைக் கொடுத்து, வீட்டு அடையாளத்தைச் சொல்லி, ரிக்ஷாவில் ஏற்றிவிட்டார்கள். அவர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அதே ரிக்ஷாவில் திரும்பி வந்தார். அடுத்த வருஷம் தம்பி பிறந்தான்.

கடைக்காரிக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, தெரிய வேண்டாம், நல்லாயிருக்கா, அது போதும் என்றார்.

மருமகளுக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. அதற்குள் ஆக்கோங்குக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அவர் கோபப்படவில்லை. பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நாள் யோசித்தார். வடக்கே எல்லைப் பக்கம் வியாபாரம் செய்யும் ஒரு தம்பதிக்குக் குழந்தை இல்லையாம். தெரிந்தவர் மூலம் பேசி முடித்தார்கள். மாதம் நிறையும் முன்னால் கொடுத்துவிட வேண்டும். நெடுந்தூர பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அவர்கள் வந்து தங்குவார்கள். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது துவாச்சி. முன்பே செய்தவர் என்பதாலோ என்னவோ, வேறு யாரையும் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. தம்பி மாவு சலித்துக்கொண்டிருந்தார். சலித்த மாவையே திரும்பத் திரும்பச் சலித்தார்.

அன்றைக்குக் காலையில் துவாச்சி வழக்கம்போல மாவு பிசைந்து மூடிவைத்துவிட்டுக் கையைக் கழுவினார். என்னையும் வரச் சொன்னார். மாடியிலிருந்து மருமகள் குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அழவில்லை. குழந்தையின் தலைத் துணியைச் சரிசெய்தாள். சரிசெய்துகொண்டே இருந்தாள். துவாச்சிதான் அவள் கையை மெதுவாக எடுத்துவிட வேண்டியிருந்தது. மூத்த பெண்கள் இரண்டும் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

டாக்சியில் ஏறினோம். பெரிய சாலைக்கு வந்ததும் துவாச்சி டிரைவரிடம் தாமுவே சந்தைக்குப் போகச் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன்.

“கண்காணாத ஊருக்கு அனுப்ப வேணாம். அவகிட்டக் குடுத்தா, இதையும் பாத்துட்டு வரலாம்,” என்றார். அது ஒரு நல்ல யோசனை என்று நானும் நினைத்தேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

துணிக்கடையில் கூட்டம் இல்லை. கடைக்காரி எங்களைப் பார்த்ததும் எப்போதும்போலச் சிரித்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். துவாச்சி அவள் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, இது எங்கள் வீட்டுப் பிள்ளை, மூன்றாவது பெண், நீங்கள் வளர்க்க வேண்டும் என்று சொல்லி முடித்தார். கடைக்காரி மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்துக் கீழே வைத்தாள்.

“நீங்க யாருன்னு எனக்குத் தெரியும்,” என்றாள். “என்னை வளர்த்த அம்மா சாகும்போது சொல்லிட்டாங்க. பசுந்தாங், நூடுல்ஸ் பட்டறைன்னு. ரெண்டு தடவை உங்க தெரு முனை வரைக்கும் வந்து திரும்பிட்டேன். நீங்களும் எத்தனை வருஷமா வர்றீங்க, துணி வாங்குறீங்க. என்னைக்காவது வாயைத் திறப்பீங்கன்னு பார்த்தேன்.”

துவாச்சி சொன்னார், “நான்தான் உன்னைத் தூக்கிட்டு வந்தேன்.”

அப்போது தனக்கு என்ன வயது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நானாவது சொல்லியிருக்கலாம்.

பக்கத்துக் கடையில் ஒருத்தி பேரம் பேசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குழந்தை நனைத்துவிட்டது. கடைக்காரி ஒரு புதுத் துணியை எடுத்துப் பல்லால் கடித்துக் கிழித்தாள். குழந்தையை வாங்கி, பழையதை உருவி, புதியதைச் சுற்றினாள். பழக்கப்பட்ட கை. ஒரு கணம் அவள் வைத்துக்கொள்ளப் போகிறாள் என்றே நினைத்தேன். அவள் குழந்தையைத் திரும்பத் துவாச்சியின் மடியில் வைத்தாள்.

“எனக்கு வளர்த்த வீட்டுல ஒரு குறையும் இல்ல. நல்லாத்தான் வச்சிருந்தாங்க. ஆனா ஒரு வீட்டுல என்னை வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு தெரிஞ்ச அன்னையில இருந்து அது என்னை விட்டுப் போகல. இதுக்கும் அதைக் குடுக்காதீங்க. வீட்டுக்கே தூக்கிட்டுப் போங்க.”

டாக்சியில் துவாச்சியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. தம்பிதான். விடுதியில் தம்பதி காத்திருக்கிறார்கள். துவாச்சி போனை என் கையில் கொடுத்துவிட்டார். நான் அதை என் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். அவர் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். பசுந்தாங் பாலத்தருகே நெரிசலில் வண்டி நின்றபோது, “எனக்கு மாத்திச் சொல்ல வராது, மா தீடா. நான் அப்பாகிட்ட எதையும் மாத்திச் சொன்னதே இல்ல,” என்றார். நான் உள்ளே வரட்டுமா என்று கேட்டேன். வாசலில் நில் என்றார்.

வாசலில் நின்றேன். துவாச்சி நேராக மாடிப்படிக்குப் போய், கீழே இறங்கி நின்ற மருமகளின் கையில் குழந்தையைக் கொடுத்தார். பிறகு பிரம்பு நாற்காலியின் முன்னால் வந்து முழங்காலிட்டார். ஹொக்கியனில் பேசினார். எனக்குப் புரியவில்லை. பிறகு மருமகள்தான் சொன்னாள். ஒருத்தியைக் கொடுத்தேன், இன்னொருத்தியைக் கொடுக்க என் கைக்கு வரவில்லை என்று சொன்னாராம். ஆக்கோங் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. நிதானமாக ஏதோ சொன்னார். துவாச்சி சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் நான் பார்த்தது.

ஆக்கோங் சொன்னது இது: வீட்டில் ஒரு பெண் அதிகம். அது இருந்தால் நீ போ.

மறுநாள் காலை துவாச்சி எப்போதும்போல எழுந்து மாவு பிசைந்தார். அன்றைய சரக்கு முழுவதையும் வெட்டி, வேகவைத்து, வண்டியில் ஏற்றும்வரை நின்றார். தம்பி முகப்பை விட்டு உள்ளே வரவில்லை. மத்தியானம் துவாச்சி மாவு மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த தன் படுக்கைத் தடுப்புக்குப் போய் ஒரு பையோடு வெளியே வந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பட்டறையை நடத்தியவரின் சாமான் ஒரு பைக்குள் அடங்கிவிட்டது.

என் பின்னாலேயே எங்கள் கட்டடம் வரைக்கும் வந்தார். படியின் கீழே நின்று, ஒரு நாலு நாள் உங்கள் வீட்டில் இருக்கட்டுமா, அதற்குள் எங்காவது பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டார். அவர் தனக்காகக் கேட்டு நான் கேட்டது அது ஒன்றுதான். நான் மாமியாரைச் சொன்னேன். சாப்பாட்டு ஆசாரத்தைச் சொன்னேன். இடம் இல்லை என்றேன். என் மாமியாரிடம் நான் கேட்கவே இல்லை. பட்டறையில் எனக்கு வேலை போய்விடும் என்று பயந்தேன், அதுதான் நிஜம். துவாச்சி, “சரி, சரி,” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு ஆறுதல் சொல்வதுபோல இருந்தது.

லைங் தாயாவில் என் சித்தி மகள் தையல் ஆலையில் வேலை பார்க்கிறாள். ஆலைப் பெண்கள் அறுபது பேர் தங்கும் ஒரு விடுதியில் சமையலுக்கு ஆள் தேடுவதாகச் சொன்னாள். துவாச்சியை நான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டுபோய் விட்டேன். அந்த ஒன்றைத்தான் செய்தேன். அங்கே அவர் மாறிவிட்டாரா என்றால் இல்லை. விடுதிக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரி டிரைவருக்கு முதல் பங்கும் பெரிய மீன் துண்டும் எடுத்துவைப்பாராம். அறுபது பெண்களும் சண்டை போடுவார்களாம். அப்புறம் யாருக்காவது ஓவர்டைம் முடிந்து வரத் தாமதமானால், அவள் சாதத்தை உலையின் மேலேயே சூடாக வைத்துக்கொண்டு நிற்பாராம். சித்தி மகள் இரண்டையும் சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டு வருஷம் கழித்து ஆக்கோங் இறந்தார். துவாச்சிக்கு யாரும் சொல்லவில்லை, நான்தான் போன் செய்தேன். வந்தார். பேரன் இல்லாததால், இறுதிச் சடங்கில் அவன் நிற்க வேண்டிய இடத்துக்குத் தூரத்து உறவில் ஓர் ஆளைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தியிருந்தார்கள். தம்பி படத்தைப் பிடித்திருந்தார். மூன்று பெண் குழந்தைகளும் பின்னால். அவர்களுக்கும் பின்னால், தெருவில், வாடகை நாற்காலிகள் முடியும் இடத்தில் துவாச்சி நின்றார். மருமகள் கடைசிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தாள். அதற்கு அவரைத் தெரியாது. அழுதுகொண்டு அம்மாவிடம் தாவியது.

எல்லாம் முடிந்தபின் தம்பி அவரிடம் வந்தார்.

“அக்கா, வீட்டுக்கு வந்துரு. உன் கை இல்லாம மாவு சரியா வர மாட்டேங்குது.”

“அப்பா போகச் சொன்னாரு. திரும்பக் கூப்பிடல.”

“அப்பாதான் இல்லையே இப்ப.”

“அதனாலதான். இனிமே கூப்பிட ஆள் இல்ல,” என்றார் துவாச்சி. கோபமாகச் சொல்லவில்லை. தம்பிக்கு ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு தம்பியின் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த ஊதுபத்திச் சாம்பலைத் தட்டிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். நான் கூடப் போனேன். பஸ்ஸில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார இடம் இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு வயிற்று வலி. பல மாதமாக இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. ஒரு காலையில் உலையைப் பற்றவைத்துவிட்டு அடுப்படியிலேயே சரிந்துவிட்டார். விடுதிப் பெண்கள்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார். எரிக்கும் இடத்துக்கு ஆலைப் பெண்கள் இருபது பேர்போல, வேலைச் சட்டையோடு, அனுமதி கேட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். தாமுவே துணிக்கடைக்காரிக்கும் நான் சொல்லியிருந்தேன். வந்தாள். என் பக்கத்தில் வந்து நின்று, “என்னைக் கொண்டுபோய்க் குடுத்தப்ப அவங்களுக்கு என்ன வயசு?” என்று கேட்டாள். சொன்னேன். நெருப்பு வைக்கும் முன்பே போய்விட்டாள்.

தம்பி வந்து சடங்குக்கு ஆக வேண்டியதைச் செய்தார். சாம்பலை ஒரு சீனக் கோயிலில் வைக்க ஏற்பாடு செய்தார். படம் எதுவும் வீட்டுக்கு வராது என்றார். கல்யாணமாகாமல் செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டு முன்னோர் மேடையில் இடம் கிடையாது. அது அவர்கள் வழக்கம், அவர் கண்டுபிடித்தது இல்லை.

ஒரு மாதம் கழித்து மருமகள் துவாச்சியின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு ஒரு ஸ்டுடியோவுக்குப் போனாள். அதிலிருந்த முகத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வந்தாள். துவாச்சியின் வேறு படம் கிடையாது. வந்ததும் மாடிக்கு ஏறி, முன்னோர் மேடையில் ஆக்கோங்கின் படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். சாயங்காலம் தம்பி பார்த்தார். எடுத்து அலமாரிக்குள் வைத்தார். மறுநாள் காலை படம் மேடையில் இருந்தது. அவர் மறுபடி எடுத்தார். அவள் மறுபடி வைத்தாள். அவர் கத்தினார், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார், உறவினர்களைக் கூட்டிவந்து பேசவைத்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். மறுநாள் காலை படம் மேடையில் இருக்கும்.

நான் அங்கே வேலையை விட்டுச் சில காலம் ஆகிறது. போன வாரம் அந்தப் பக்கம் போனவள், பார்த்துவிட்டு வரலாம் என்று மேலே ஏறினேன். மேடையில் ஆக்கோங்கின் படம் மட்டும் இருந்தது. தம்பி கூடத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, கை மாவை லுங்கியில் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். கடைசிப் பெண் ஓடி வந்து, “நான் வைக்கிறேம்மா,” என்றது. அவள் படத்தை அதன் கையில் கொடுத்தாள். மேடை எட்டாததால் குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள். தம்பி தலையை நிமிர்த்தி ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி போனைப் பார்க்க ஆரம்பித்தார்.